80 ஆயிரம் பேர் கொண்ட தொழிலாளர் படை 4 நாளில் வீழ்ந்தது எப்படி? ஆஸ்திரியாவின் 'ஷுட்ஸ்புண்ட்' கதை

1934 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. முற்பகல் 11.46 மணி. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் திடீரென மின்சாரம் நின்றது. ஓடிக்கொண்டிருந்த டிராம்கள் நடுத்தெருவிலேயே நின்றன.

வழக்கமான மின்தடைன்னு யாரும் நினைக்கவில்லை. மின்நிலையத் தொழிலாளர்கள் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். பொது வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது என்பதற்கான சிக்னல் அது. ஒளித்து வைத்திருக்கும் துப்பாக்கிகளை வெளியே எடுங்கள் என்று ஒரு ரகசியப் படைக்குப் போன செய்தியும் அதுதான்.

அந்தப் படையின் பெயர் ஷுட்ஸ்புண்ட். ஒரு காலத்தில் அதில் சுமார் 80 ஆயிரம் பேர் இருந்தார்கள். நாட்டின் ராணுவத்தைவிட அது பெரியது. ஆனால், அந்த மதியத்துக்குப் பிறகு நான்கே நாட்களில் எல்லாம் முடிந்துபோனது.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஐரோப்பாவில் உருவான தொழிலாளர் படைகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று இது. எப்படி உருவானது? ஏன் வீழ்ந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு கட்சிக்கு எதற்குத் தனிப் படை?

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தபோது, ஹாப்ஸ்பர்க் பேரரசு சிதறியது. எஞ்சிய ஜெர்மன் மொழி பேசும் பகுதி, நவம்பர் 12 அன்று ஆஸ்திரியக் குடியரசானது. சுமார் 65 லட்சம் மக்கள் கொண்ட சின்ன நாடு. அதில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வியன்னா என்ற ஒரே நகரத்தில் வாழ்ந்தார்கள்.

1919-ல் கையெழுத்தான செயின்ட் ஜெர்மைன் ஒப்பந்தம், ஆஸ்திரிய ராணுவத்தில் 30 ஆயிரம் பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. அதேசமயம், போரிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கான வீரர்களுக்கு வேலை இல்லை. ஆனால், துப்பாக்கி சுடத் தெரியும். துப்பாக்கிகளும் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தன.

இந்தச் சூழலில் கிராமப்புறங்களில் 'ஹைம்வேர்' என்ற ஆயுதக் குழுக்கள் கிளம்பின. எல்லைப் பாதுகாப்பு, ஊர்க்காவல் என்றுதான் அவை தொடங்கின. போகப் போக நிலவுடைமையாளர்கள், தொழிலதிபர்கள் ஆதரவோடு இடதுசாரிகளுக்கு எதிரான படையாக மாறின. பின்னாளில் இத்தாலியின் முசோலினியிடமிருந்து பணமும் ஆயுதமும் வந்தன.

எதிர்ப்பக்கத்தில் இருந்தது சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி. 1920 வரை மத்தியில் கூட்டணி ஆட்சியில் இருந்த இந்தக் கட்சி, அதன்பிறகு எதிர்க்கட்சியானது. ராணுவமும் போலீஸும் மெல்ல மெல்ல எதிரணியின் கைக்குப் போவதைப் பார்த்தது. நாளைக்கு ஒரு நாள் ஜனநாயகத்தையே கவிழ்க்கப் பார்த்தால் யார் தடுப்பது என்ற கேள்வி வந்தது.

அதற்கான பதிலாக 1923-ல் பதிவு செய்யப்பட்ட அமைப்புதான் 'குடியரசுப் பாதுகாப்புச் சங்கம்'. ஜெர்மன் மொழியில் ரிபுப்ளிகானிஷர் ஷுட்ஸ்புண்ட்.

படைக்குள் யார் யார்?

ஆலைத் தொழிலாளர்கள், ரயில்வே ஊழியர்கள், மின்நிலையப் பணியாளர்கள், முன்னாள் ராணுவ வீரர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். சம்பளம் கிடையாது. வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பயிற்சி. கட்சிக் கூட்டங்களுக்குக் காவல், பேரணிகளில் ஒழுங்குபடுத்துதல் ஆகியவைதான் அன்றாட வேலை.

தலைவர் யூலியுஸ் டாய்ச். குடியரசின் தொடக்க ஆண்டுகளில் ராணுவத் துறையைக் கவனித்தவர். படைப் பிரிவுகளை நடத்தியவர் முன்னாள் ராணுவ அதிகாரி அலெக்சாண்டர் ஐஃப்ளர். ஓய்வுபெற்ற ஜெனரல் தியோடர் கோர்னர் ஆலோசகராக இருந்தார். கட்சியின் மூளை என்று சொல்லப்பட்டவர் ஓட்டோ பாவர்.

இதில் ஐஃப்ளருக்கும் கோர்னருக்கும் ஒத்துப்போகவில்லை. ராணுவம் மாதிரியே அணி, கட்டளை, சீருடை என்று படையை வளர்க்க நினைத்தார் ஐஃப்ளர். ராணுவத்தோடு நேருக்கு நேர் நின்றால் தொழிலாளர் படை ஜெயிக்கவே முடியாது என்றார் கோர்னர். மக்களோடு கலந்திருப்பதும், வேலையை நிறுத்தி நாட்டையே முடக்கும் சக்தியும்தான் தொழிலாளர்களின் உண்மையான பலம் என்பது அவர் வாதம்.

ஐஃப்ளரின் வழியே ஏற்கப்பட்டது. கோர்னர் ஒதுங்கினார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது 1934-ல் தெரிந்தது.

அவர்கள் எதைக் காக்க நினைத்தார்கள்?

இதைப் புரிந்துகொள்ள 'சிவப்பு வியன்னா'வைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

மத்தியில் ஆட்சி போனாலும், வியன்னா மாநகராட்சி 1919 முதல் சமூக ஜனநாயகவாதிகளின் கையில்தான் இருந்தது. 1922-ல் வியன்னா தனி மாநிலமாகவும் ஆனது. அதாவது, சொந்தமாக வரி போடும் அதிகாரம் கிடைத்தது.

நகரின் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர், பணக்காரர்களின் ஆடம்பரத்துக்கு வரி போட்டார். கார், வீட்டு வேலையாட்கள், கேளிக்கைகள் எல்லாவற்றுக்கும் வரி. பெரிய வீட்டுக்குப் பெரிய வரி. அந்தப் பணத்தில் தொழிலாளர்களுக்கு வீடுகள் எழுந்தன.

1923 முதல் 1934 வரை கட்டப்பட்ட குடியிருப்புகள் 60 ஆயிரத்துக்கும் மேல். அதுவரை ஒரே அறையில் குடும்பமே நெருக்கியடித்துக் கிடந்த மக்களுக்கு வெளிச்சமான வீடு, தண்ணீர்க் குழாய், பொதுச் சலவைக்கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், மருத்துவமனை எல்லாம் கிடைத்தன. வாடகையும் மிகக் குறைவு.

இவற்றில் புகழ்பெற்றது 1930-ல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளம் கொண்ட ஒரே கட்டடம். 1,382 வீடுகள். 1933-ல் சிகிச்சைக்காக வியன்னா வந்த சுபாஷ் சந்திர போஸும் இந்த மாநகராட்சியின் பணிகளை ஆர்வத்தோடு கவனித்தார்.

எதிரணியினரோ இந்தக் குடியிருப்புகளைத் 'தொழிலாளர்களின் கோட்டைகள்' என்று குற்றம்சாட்டினார்கள். ஷுட்ஸ்புண்ட் ஆட்களில் பலர் இந்த வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். பின்னாளில் சண்டை நடந்ததும் அவர்கள் வீட்டு வாசலில்தான்.

'முதலில் சுட மாட்டோம்'

1926-ல் லின்ஸ் நகரில் கூடிய கட்சி மாநாடு ஒரு கொள்கை அறிக்கையை ஏற்றது. வாக்குச்சீட்டு மூலமாகவே ஆட்சிக்கு வருவோம். எதிரணி ஜனநாயகத்தை உடைத்தால் மட்டும் ஆயுதம் எடுப்போம். இதுதான் அதன் சாரம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. ஜனநாயகம் 'உடைந்துவிட்டது' என்று எந்தக் கணத்தில் முடிவு செய்வது? ஒரே அடியில் உடைத்தால் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால்?

அடுத்த எட்டு ஆண்டுகளில் நடந்தது இரண்டாவதுதான்.

1927 ஜூலை: எல்லாம் மாறிய நாள்

1927 ஜனவரி 30. ஹங்கேரி எல்லையை ஒட்டிய ஷாட்டன்டார்ஃப் என்ற கிராமத்தில் ஷுட்ஸ்புண்ட் ஊர்வலம் போனது. வலதுசாரி முன்னாள் வீரர்கள் சங்கத்தைச் சேர்ந்த சிலர் ஒரு விடுதிக்குள்ளிருந்து சுட்டார்கள். போரில் ஊனமுற்ற முன்னாள் வீரர் ஒருவரும், ஒரு சிறுவனும் இறந்தார்கள்.

சுட்ட மூன்று பேரையும் ஜூலை 14 அன்று நீதிமன்றம் விடுதலை செய்தது.

மறுநாள் காலை, கட்சித் தலைமை எதுவும் சொல்லாமலேயே வியன்னா தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். மின்நிலைய ஊழியர்கள் முதலில் கிளம்ப, ஆலைகள் பின்தொடர்ந்தன. கூட்டம் நீதி மாளிகைக்குள் புகுந்து தீ வைத்தது.

இந்த இடத்தில் ஷுட்ஸ்புண்ட் என்ன செய்தது தெரியுமா? தாமதமாக வந்து சேர்ந்த அவர்கள், எரியும் கட்டடத்துக்குள் சிக்கிய போலீஸாரையும் ஊழியர்களையும் காப்பாற்ற முயன்றார்கள். மேயர் கார்ல் சைட்ஸ் தீயணைப்பு வண்டியின் மேலே நின்றுகொண்டு வழிவிடச் சொல்லிக் கெஞ்சினார். யாரும் கேட்கவில்லை.

போலீஸ் தலைவர் யோஹான் ஷோபர் துப்பாக்கிச்சூட்டுக்கு உத்தரவிட்டார். 80-க்கும் மேற்பட்ட போராட்டக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஓடியவர்கள் மீதும் குண்டு பாய்ந்தது. அன்று அந்தக் கூட்டத்தில் இருந்த இளைஞர் ஒருவர், கூட்டத்தின் மனநிலை பற்றிப் பின்னாளில் பெரிய நூலே எழுதினார். நோபல் பரிசு பெற்ற எலியாஸ் கானெட்டிதான் அவர்.

கட்சி போக்குவரத்து வேலைநிறுத்தத்தை அறிவித்தது. மாகாணங்களில் ஹைம்வேர் ஆட்கள் ஆயுதத்தோடு வந்து அதை உடைத்தார்கள். சில நாட்களில் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது.

இந்தச் சம்பவத்திலிருந்து இரு தரப்பும் வெவ்வேறு பாடம் படித்தன. கூட்டம் கட்டுமீறினால் ரத்தம்தான் சிந்தும் என்று பயந்தது கட்சித் தலைமை. ஷுட்ஸ்புண்டை இன்னும் இறுக்கமான ராணுவ ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. 'இவர்கள் மிரட்டுவார்கள், ஆனா அடிக்க மாட்டார்கள்' என்று புரிந்துகொண்டது எதிரணி.

பலம் இருந்தும் பலவீனம்

1928-ல் சுமார் 80 ஆயிரம் பேர் என்ற உச்சத்தில் நின்றது ஷுட்ஸ்புண்ட். 1930 நவம்பர் தேர்தலில் 165 இடங்களில் 72 இடங்களைப் பிடித்து, சமூக ஜனநாயகக் கட்சி தனிப்பெரும் கட்சியானது. ஆனாலும் மற்ற கட்சிகள் சேர்ந்து அதை ஆட்சிக்கு வெளியே வைத்தன.

அதே 1930-ன் மே மாதத்தில், கோர்னாய்பூர்க் என்ற ஊரில் ஹைம்வேர் தலைவர்கள் நாடாளுமன்ற ஜனநாயகத்தையே நிராகரிப்பதாக வெளிப்படையாக உறுதிமொழி எடுத்திருந்தார்கள். 1931 செப்டம்பரில் ஸ்டிரியா மாகாணத்தில் வால்டர் பிஃப்ரிமர் என்ற ஹைம்வேர் தலைவர் ஆட்சிக்கவிழ்ப்புக்கே முயன்றார். அது தோற்றது. ஆனால், வழக்கில் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இதற்கிடையே உலகப் பொருளாதார நெருக்கடி ஆஸ்திரியாவை நசுக்கியது. 1931-ல் நாட்டின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்டான்ஷ்டால்ட் சரிந்தது. 1933-ல் வேலையில்லாதவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

வேலையிழப்பு தொழிலாளர் படையை எப்படிப் பாதிக்கும்? வேலைநிறுத்தம்தான் தொழிலாளியின் முதல் ஆயுதம். வேலையே இல்லாதவன் எதை நிறுத்துவான்? வேலையில் இருப்பவனுக்கோ, ஒரு நாள் வராமல் இருந்தால் தன் இடத்துக்கு நூறு பேர் காத்திருக்கிறார்கள் என்ற பயம். ஷுட்ஸ்புண்டின் அடித்தளம் இப்படித்தான் சத்தமில்லாமல் அரிக்கப்பட்டது.

1933 மார்ச்: நாடாளுமன்றம் 'தானாகவே' மூடிக்கொண்டதா?

1932 மே மாதம் எங்கல்பெர்ட் டோல்ஃபுஸ் பிரதமரானார். நாடாளுமன்றத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு வாக்கு பெரும்பான்மை.

1933 மார்ச் 4. ரயில்வே ஊழியர்களின் வேலைநிறுத்தம் பற்றி நாடாளுமன்றத்தில் விவாதம். வாக்கெடுப்பில் குளறுபடி ஏற்பட்டது. அவைத் தலைவர் கார்ல் ரென்னர் ராஜினாமா செய்தார். தலைவர் நாற்காலியில் இருந்தால் வாக்களிக்க முடியாது, ஒரு வாக்கும் முக்கியம் என்பதுதான் கட்சியின் கணக்கு. பதிலுக்கு எதிரணியைச் சேர்ந்த மற்ற இரு துணைத் தலைவர்களும் அடுத்தடுத்து ராஜினாமா செய்தார்கள்.

அவையை முடித்துவைக்கக்கூட ஆள் இல்லை. உறுப்பினர்கள் கலைந்து போனார்கள்.

டோல்ஃபுஸுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. 'நாடாளுமன்றம் தன்னைத்தானே முடக்கிக்கொண்டது' என்று அறிவித்தார். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-ல் போடப்பட்ட ஒரு பொருளாதார அவசரச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, ஆணைகள் மூலமாகவே ஆட்சி நடத்தத் தொடங்கினார். மார்ச் 15 அன்று மீண்டும் கூட முயன்ற உறுப்பினர்களைப் போலீஸ் தடுத்தது.

லின்ஸ் மாநாட்டுக் கொள்கைப்படி ஆயுதம் எடுக்க வேண்டிய தருணம் இதுதானே? தொண்டர்கள் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஷுட்ஸ்புண்ட் ஆட்கள் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள்.

உத்தரவு வரவில்லை. உள்நாட்டுப் போரைத் தவிர்க்க வேண்டும், பேசித் தீர்க்கலாம் என்று தலைமை முடிவெடுத்தது. அந்த நேரத்தில் தயங்கியது பெரிய தவறு என்று ஓட்டோ பாவரே பின்னர் எழுதினார்.

இரண்டே வாரத்தில், மார்ச் 31 அன்று, ஷுட்ஸ்புண்ட் தடை செய்யப்பட்டது.

தலைமறைவு வாழ்க்கையும் நான்கு நிபந்தனைகளும்

தடைக்குப் பிறகு படை ரகசியமாகத் தொடர்ந்தது. ஆனால், ஒவ்வொரு வாரமும் ஒரு அடி விழுந்தது. பத்திரிகைத் தணிக்கை, மே தினப் பேரணிக்குத் தடை, வியன்னா மாநகராட்சியின் நிதி வெட்டு, ஆயுதங்களைத் தேடி சோதனைகள். ஹைம்வேர் ஆட்களையோ அரசே துணைப் போலீஸாகச் சேர்த்துக்கொண்டது.

1933 அக்டோபரில் கட்சி நான்கு நிபந்தனைகளை வகுத்தது. இவற்றில் ஒன்று நடந்தாலும் எதிர்த்துப் போராடுவோம் என்றது.

1. கட்சியைத் தடை செய்தால்
2. தொழிற்சங்கங்களைக் கலைத்தால்
3. வியன்னா மாநகராட்சியைக் கைப்பற்றினால்
4. பாசிச அரசியல் சட்டத்தைத் திணித்தால்

எதிரிக்கு இதைவிட வசதியான வழிகாட்டி இருக்குமா? இந்த நான்கையும் தொடாமல், மற்ற எல்லாவற்றையும் செய்தது அரசு.

அண்டை நாடான ஜெர்மனியில் 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்தார். அங்கும் 'ரைஷ்பானர்' என்ற பெரிய குடியரசு ஆதரவுப் படை இருந்தது. பெரிய சண்டை எதுவும் இல்லாமலேயே அது கலைக்கப்பட்டது. நமக்கும் அந்தக் கதியா என்ற கோபம் ஷுட்ஸ்புண்ட் தொண்டர்களிடம் கொதித்தது.

லின்ஸில் வெடித்த முதல் குண்டு

1934 பிப்ரவரி தொடக்கத்தில் ஐஃப்ளர் உள்ளிட்ட ஷுட்ஸ்புண்ட் தளபதிகள் கைது செய்யப்பட்டார்கள். பிப்ரவரி 11 அன்று, ஹைம்வேர் தலைவரும் துணைப் பிரதமருமாக இருந்த எமில் ஃபை, மறுநாள் வேலையை முழுசாக முடிக்கப் போவதாகப் பொதுக்கூட்டத்தில் பேசினார்.

லின்ஸ் நகர ஷுட்ஸ்புண்ட் தலைவர் ரிச்சர்ட் பெர்னாஷெக், அதே நாளில் வியன்னாவுக்குக் கடிதம் அனுப்பினார். நாளை இங்கே ஆயுதச் சோதனைக்கு வந்தால், கைது செய்ய முயன்றால், எதிர்த்துச் சண்டையிடுவோம். தலைமை என்ன சொன்னாலும் இந்த முடிவு மாறாது என்றார்.

ஓட்டோ பாவரிடமிருந்து இரவில் தொலைபேசியில் பதில் வந்தது. உறவினரின் உடல்நிலை பற்றிப் பேசுவது போன்ற சங்கேத வார்த்தைகளில், 'பொறுங்கள்' என்ற செய்தி. அதையும் போலீஸ் ஒட்டுக் கேட்டது.

மறுநாள் காலை சுமார் 7 மணி. லின்ஸில் கட்சி அலுவலகமாக இருந்த ஹோட்டல் ஷிஃப்புக்குள் போலீஸ் நுழைந்தது. உள்ளே இருந்தவர்கள் சுட்டார்கள். ராணுவம் வந்தது.

செய்தி வியன்னாவை எட்டியதும், வேறு வழியில்லாமல் தலைமை பொது வேலைநிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டது. 11.46-க்கு மின்சாரம் நின்றது.

நான்கு நாட்கள்

வியன்னாவின் ஃபுளோரிட்ஸ்டார்ஃப், ஒட்டாக்ரிங், சிம்மரிங் பகுதிகளில் சண்டை மூண்டது. ஸ்டிரியாவின் புருக் ஆன் டெர் மூர், தொழில் நகரமான ஸ்டைர் ஆகிய இடங்களிலும் தொழிலாளர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள்.

அரசு ராணுவச் சட்டத்தை அறிவித்தது. பின்னர், உலகை அதிரவைத்த ஒன்றைச் செய்தது. பெண்களும் குழந்தைகளும் இருந்த குடியிருப்புகள் மீது பீரங்கியால் சுட்டது. கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் சுவர்களில் குண்டுகள் பாய்ந்தன.

பிப்ரவரி 15-ஐ ஒட்டி பெரும்பாலான இடங்களில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. சுமார் 350 பேர் இறந்ததாகப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. இரு தரப்பு ஆட்களும், சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத பொதுமக்களும் அதில் அடக்கம்.

ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான கார்ல் மியூனிக்ரைட்டர் என்ற தொழிலாளி, படுகாயம் அடைந்திருந்ததால் ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்குமேடைக்குக் கொண்டுவரப்பட்டார். ஃபுளோரிட்ஸ்டார்ஃப் தீயணைப்பு நிலைய அதிகாரி கியோர்க் வைசல், புருக் நகரத் தலைவர் கோலோமன் வாலிஷ் ஆகியோரும் தூக்கிலிடப்பட்டவர்களில் அடக்கம்.

ஏன் தோற்றார்கள்? 5 காரணங்கள்

ரயில்கள் ஓடின: ஒரு வருடம் முன்பு நடந்த வேலைநிறுத்தத்துக்காகக் கடுமையாகத் தண்டிக்கப்பட்டிருந்த ரயில்வே ஊழியர்கள், இந்த முறை பெரும்பாலும் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. ராணுவத்தை ரயிலிலேயே தேவையான இடத்துக்கு நகர்த்த முடிந்தது. பொது வேலைநிறுத்தம் பாதியிலேயே பிசுபிசுத்தது.

துப்பாக்கி எங்கே என்று தெரியவில்லை: ஆயுதங்கள் புதைத்து வைக்கப்பட்ட இடம் சில தளபதிகளுக்கு மட்டுமே தெரியும். அவர்களோ சிறையில். பல இடங்களில் ஆட்கள் திரண்டும் கையில் ஆயுதம் இல்லாமல் கலைந்து போனார்கள்.

தொடர்பு அறுந்தது: மின்சாரத்தை நிறுத்தியதால் கட்சியின் அச்சகமும் நின்றது. மக்களுக்கு அறிக்கை அச்சிட்டுக் கொடுக்கக்கூட முடியவில்லை. வானொலி அரசின் கையில்.

தாக்கும் திட்டம் இல்லை: பாதுகாப்புக்காகவே பயிற்சி பெற்ற படை, தங்கள் குடியிருப்புகளுக்குள்ளேயே நின்று சண்டையிட்டது. நகரின் மையப் பகுதியும் அரசு அலுவலகங்களும் தொடப்படவே இல்லை. ராணுவத்தால் ஒவ்வொரு இடமாகத் தனித்தனியாக முடிக்க முடிந்தது.

காலம் கடந்துவிட்டது: இதுதான் எல்லாவற்றுக்கும் மேலான காரணம். 1927-லும் 1933 மார்ச்சிலும் மக்கள் கோபமும் படை பலமும் ஒன்றாக இருந்தன. 1934-ல் படையின் ஒரு பகுதி மட்டுமே களத்தில் இருந்தது. மற்றவர்கள் சோர்ந்து, பயந்து, வேலையிழந்து, நம்பிக்கையிழந்து வீட்டில் இருந்தார்கள்.

பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

கட்சியும் தொழிற்சங்கங்களும் தடை செய்யப்பட்டன. மேயர் கார்ல் சைட்ஸ் அலுவலகத்திலேயே கைது செய்யப்பட்டார். ஓட்டோ பாவரும் டாய்ச்சும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் தப்பினார்கள். பாவர் 1938-ல் பாரிஸில் காலமானார்.

தப்பிய தொண்டர்களில் பலர் சோவியத் ஒன்றியம் சென்றார்கள். 1934 மே தினத்தில் மாஸ்கோவில் அவர்களுக்கு வீர வரவேற்பு. ஆனால், சில ஆண்டுகளில் ஸ்டாலினின் களையெடுப்பில் அவர்களில் பலரும் சிக்கினார்கள்.

வேறு பலர் ஸ்பெயினுக்குப் போய் பிராங்கோவுக்கு எதிராகச் சண்டையிட்டார்கள். சர்வதேசப் படையில் ஆஸ்திரியர்கள் இருந்த பட்டாலியனின் பெயரே 'பிப்ரவரி 12, 1934'.

ஐஃப்ளர், நாஜிகளின் டாஹாவ் முகாமில் 1945-ல் இறந்தார். லின்ஸில் எதிர்ப்பைத் தொடங்கிய பெர்னாஷெக், போர் முடிய சில வாரங்களே இருந்தபோது மவுட்ஹவுசன் முகாமில் கொல்லப்பட்டார்.

கோர்னர் உயிர்பிழைத்தார். 1945-ல் வியன்னா மேயரானார். 1951-ல் ஆஸ்திரியக் குடியரசுத் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஜெயித்தவர்கள் நிலைத்தார்களா?

இல்லை. சண்டை முடிந்து ஐந்தே மாதத்தில், 1934 ஜூலை 25 அன்று, பிரதமர் அலுவலகத்துக்குள் புகுந்த ஆஸ்திரிய நாஜிகள் டோல்ஃபுஸைச் சுட்டுக் கொன்றார்கள். 1938 மார்ச்சில் ஹிட்லரின் ராணுவம் ஒரு குண்டுகூடச் சுடாமல் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது.

நாஜிகளை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த அரசு, அதற்குத் தோள் கொடுத்திருக்கக்கூடிய தொழிலாளர்களை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அடித்து நொறுக்கியிருந்தது. அந்தத் தொழிலாளர்களின் பழைய தலைவர்களும், எதிரணியின் தலைவர்களும் பின்னர் ஒரே நாஜி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1945-க்குப் பிறகு இரு கட்சிகளும் கூட்டணி அமைத்து நாட்டை நடத்த, அந்த அனுபவமும் ஒரு காரணம்.

முக்கியத் தேதிகள் ஒரு பார்வையில்

1918 நவம்பர் 12: ஆஸ்திரியா குடியரசானது
1923: ஷுட்ஸ்புண்ட் தொடக்கம்
1927 ஜூலை 15: நீதி மாளிகை எரிப்பு, துப்பாக்கிச்சூடு
1933 மார்ச் 4: நாடாளுமன்றம் முடங்கியது
1933 மார்ச் 31: ஷுட்ஸ்புண்டுக்குத் தடை
1934 பிப்ரவரி 12: லின்ஸில் சண்டை தொடக்கம்
1934 ஜூலை 25: டோல்ஃபுஸ் கொலை
1938 மார்ச்: ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டது

இன்று ஏன் இந்தக் கதை?

1934-ல் தண்டிக்கப்பட்டவர்கள் சட்டப்படி 'குற்றவாளிகள்' என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஜனநாயகத்துக்காகப் போராடியதற்காக அந்த ஆட்சியில் வழங்கப்பட்ட தண்டனைகளை ரத்து செய்யும் சட்டத்தை 2012-ல்தான் ஆஸ்திரிய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தூக்கிலிடப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் காலத்தில் வந்த நீதி அது.

ஷுட்ஸ்புண்ட் செய்தது சரியா, தவறா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. கட்சிகள் தனிப்படை வைத்துக்கொண்டதே ஜனநாயகத்தைப் பலவீனமாக்கியது என்பார்கள் ஒரு தரப்பினர். ஐரோப்பாவில் பாசிசத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திய முதல் தொழிலாளர்களில் இவர்களும் உண்டு, அந்த மரியாதையை மறுக்க முடியாது என்பார்கள் இன்னொரு தரப்பினர்.

கார்ல் மார்க்ஸ் ஹோஃப் இன்றும் நிற்கிறது. 1934-ல் மாற்றப்பட்ட அதன் பெயர், 1945-க்குப் பிறகு திரும்பி வந்தது. இன்றும் வியன்னா மாநகராட்சி அதைக் குறைந்த வாடகைக்குத்தான் விடுகிறது. அதன் பழைய பொதுச் சலவைக்கூடம் ஒன்றில், சிவப்பு வியன்னாவின் கதையைச் சொல்லும் கண்காட்சி நடக்கிறது.